திரும்பப் பெற்ற சாட்சி

1

சென்ற மாதம் பல்கலைக்கழக அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. முனைவர் பட்ட மாணவர்கள் பலர் மனம் சோர்ந்து போயிருக்கிறார்களாம். பாதி எழுதிவிட்டு மேலே எழுத முடியாமல் நிற்கிறார்களாம். அவர்கள் வாரம் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் ஆறுதலாகப் பேச ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நாற்காலி போடவும், நடுவில் டிஷ்யூ பெட்டி வைக்கவும், பேச்சு நின்றுபோனால் இருமவும் ஒரு பொறுப்பான ஆள் வேண்டும். எனக்கு நிதானமான முகம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

கனடாவுக்கு வந்து பல வருடங்களாக இங்கே உயிரியல் ஆய்வகத்தைக் கவனித்துக்கொள்கிறேன். ஏழு மாதம் பனி பெய்யும் ஊரில் எல்லா முகமும் நிதானமாகத்தான் இருக்கும். இருந்தாலும் சரி என்றேன்.

உடனே பதினான்கு பக்கப் படிவம் ஒன்று வந்தது. கூட்டத்துக்குச் சுண்டல் கொண்டுபோகலாம் என்று நினைத்திருந்தேன். ஆறாம் பக்கத்தில் ஒவ்வாமை தரும் பொருள்களின் பட்டியல். அதில் கடுகு இருந்தது. அம்பத்தூர் கள்ளிக்குப்பத்தில் பிறந்து, நாளுக்கு மூன்று வேளை கடுகு தாளித்துச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். என் உடம்பே அந்தப் பட்டியலில் வரவேண்டியது. சுண்டலை விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

ஒன்பதாம் பக்கத்தில் ஒரு கேள்வி: உங்கள் முனைவர் பட்டத்துக்கு எத்தனை ஆண்டுகள் ஆயின? மூன்று என்று எழுதினேன். கை தானாகவே எழுதியது.

எங்கள் ஒரே மகள் ரூத்தும் இப்போது ஆராய்ச்சி மாணவிதான். பேருந்தில் நாலு மணி நேரம் போனால் வரும் நகரத்தில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் போன் செய்வாள். இங்கேயே பிறந்தவள், தமிழ் அவள் வாயில் நொண்டியடித்துத்தான் வரும். நான் திருத்திக்கொண்டே இருப்பேன், அவள் பல்லைக் கடித்துக்கொண்டே இருப்பாள். அவள் ஒரு பிழையும் இல்லாமல் சொல்லும் தமிழ் வாக்கியம் ஒன்றே ஒன்றுதான். "எல்லாம் நல்லா போகுதுப்பா."

சில மாதங்களாக அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். அவள் அம்மா ஸ்டெல்லா போனையே பார்த்துக்கொண்டு நிற்பாள். "இவ்ளோ சுத்தமா பேசினா எனக்கு பயமா இருக்குங்க" என்பாள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அந்த வாக்கியத்தை எனக்கு வெகுகாலமாகத் தெரியும்.

2

எண்பதுகளின் கடைசியில் நானும் ஆராய்ச்சி மாணவன். தலைப்பு, அம்பத்தூர் ஏரியின் நன்னீர் நத்தைகள். நத்தைகளை ஹார்லிக்ஸ் பாட்டில்களில் போட்டு வீட்டு ஜன்னலில் வரிசையாக வைத்திருந்தேன். முதல் இரண்டு அத்தியாயம் எழுதியாயிற்று. மூன்றாவதில் தலைப்பும் இரண்டு வரியும் இருந்தன. அந்த இரண்டு வரியோடு ஒன்றரை வருடம் குடித்தனம் நடத்தினேன். மேசைக்கு முன்னால் உட்காருவேன், பென்சிலைச் சீவுவேன், நத்தைகளைப் பார்ப்பேன். அவை என்னைவிட வேகமாக எங்கேயாவது போய்ச் சேர்ந்திருக்கும். கைடு நல்ல மனிதர். எதைக் கொண்டுபோனாலும் "வெச்சிட்டுப் போப்பா" என்பார். வைத்ததெல்லாம் வைத்த இடத்திலேயே இருக்கும்.

அம்மா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தார். வெள்ளிக்கிழமை மாலைகளில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் நடக்கும். அப்பாவுக்கு ஆவடி ஃபாக்டரியில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் இரண்டாம் ஷிப்டைக் கேட்டு வாங்கிக்கொள்வார்.

கூட்டத்தில் ஒரு முறை உண்டு. அவரவர் தேவையைச் சொல்ல, பாஸ்டர் ஐயா அதை ஜெபக் குறிப்பு நோட்டில் எழுதிக்கொள்வார். எல்லாரும் அதற்காக ஜெபிப்பார்கள். காரியம் நடந்துவிட்டால் சம்பந்தப்பட்டவர் எழுந்து நின்று சாட்சி சொல்லவேண்டும். ஐயா நோட்டில் டிக் போடுவார். அன்றைக்குச் சாப்பாடு அந்த வீட்டார் செலவு.

ஒரு வெள்ளிக்கிழமை அம்மா எழுந்தார்.

"பையன் பொஸ்தகம் எழுதறான் ஐயா. மூணாவது சாப்டர்ல மாட்டிக்கினு கீறான்."

"எதைப் பத்தின சாப்டர்?" என்று பாஸ்டர் என்னைக் கேட்டார்.

"நத்தைகளோட இனப்பெருக்கம் ஐயா."

பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள் குனிந்து வேதப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தார்கள். பாஸ்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு 'நத்தை விஷயம்' என்று எழுதிக்கொண்டார்.

அன்றிலிருந்து என் நிம்மதி போயிற்று. பால் பூத்தில், ரயில் நிலையத்தில், சைக்கிள் கடையில், எங்கே போனாலும் கேள்வி. "தம்பி, மூணாவது எந்த மட்டுல கீது?" என் கைடு வருடத்துக்கு ஒருமுறை கேட்டதைக் கள்ளிக்குப்பம் நாளுக்கு நாலுமுறை கேட்டது.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பேன். ஒரு வெள்ளிக்கிழமை பகலில் ரேஷன் கடை வரிசையில் எஸ்தர் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அம்மாவோடு பேக்கிங்கில் இருப்பவர், ஒல்லியான உடம்பு. முகம் வெளிறிப் போயிருந்தது.

"இன்னாக்கா, உடம்பு சரியில்லியா?"

"ஒண்ணுமில்ல தம்பி. உன் மூணாவது முடியறவரிக்கும் வெள்ளிக்கெழம உபவாசம்னு கர்த்தராண்ட சொல்லிகினேன். இது ஆறாவது வாரம். பழகிடும்."

எனக்காக ஒரு மனுஷி பட்டினி கிடக்கிறார். நான் என்னடாவென்றால் இரண்டு வேளை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பென்சில் சீவிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வெட்கத்தில் காது சூடாகிவிட்டது.

"அது முடிஞ்சிட்ச்சிக்கா" என்றேன். "நேத்தே முடிஞ்சிட்ச்சி. மொதல்ல போய் சாப்புடுங்க."

3

அன்று மாலையே என்னைச் சாட்சி சொல்ல எழுப்பினார்கள். சொன்னேன். டிக் விழுந்தது. அம்மா கேசரி கிளறினார். எஸ்தர் அக்கா இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தபோது, பொய்யானாலும் நல்ல பொய் என்று எனக்கே தோன்றியது.

கேசரி தீர்வதற்குள் அக்கா கேட்டார், "நாலாவது எப்ப தம்பி ஆரம்பிக்கிற? நான் வர வெள்ளிக்கெழமலேந்து உபவாசத்த ஆரம்பிச்சிடறேன்."

எஸ்தர் அக்காவின் பட்டினிக்கு ஈடுகொடுத்து எழுதக்கூடிய ஆராய்ச்சியாளன் உலகத்தில் கிடையாது. நாலாவது அத்தியாயத்தை இரண்டே வாரத்தில் முடித்தேன். கடைசி அத்தியாயமான ஐந்தாவதை ஒரே வாரத்தில் முடித்தேன். எல்லாம் வாயால்தான். மூன்றாவதில் அதே இரண்டு வரி. மொத்த சபையும் பூரித்துப்போயிற்று. அடுத்த மாதம் முதல் வெள்ளிக்கிழமை ஸ்தோத்திரக் கூட்டம் என்று பாஸ்டர் அறிவித்தார். முடிந்த புத்தகத்தை மேசையில் வைத்து ஜெபிக்கப் போகிறார்கள். திருமுல்லைவாயிலிலிருந்தெல்லாம் ஆட்கள் வருவார்கள். அம்மா அதற்கென்று கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டார்.

எனக்குப் போக்கிடம் ஏழுமலை ஒருவன்தான். இரண்டு தெரு தள்ளி இருந்தான். அவன் அப்பா அம்மா சென்னீர்குப்பம் பக்கம் வயல்வேலை செய்தவர்கள். வயல் மனையானதும் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். அவன் பகலில் எஸ்டேட்டில் லேத் ஓட்டிக்கொண்டே பொருளாதாரத்தில் பகுதிநேர ஆராய்ச்சி செய்தான். எஸ்டேட் தொழிலாளர்கள் வேலைக்கு வந்துபோகும் நேரத்தைப் பற்றியது. கட்டுக் கட்டாகக் கேள்வித்தாள் அச்சடித்து ஒவ்வொரு கம்பெனி கேட்டிலும் கொடுத்தான். பதில் ஒன்றிரண்டுதான் வந்தது. ஒருநாள் டீக்கடையில் போண்டா கேட்டபோது அவனுடைய கேள்வித்தாளிலேயே வைத்துக் கொடுத்தார்களாம். அப்படியும் இரண்டு மாதத்துக்கு முன்னால் முடித்துவிட்டான். கறுப்பு அட்டை, தங்க எழுத்து. அவன் அம்மா அந்தப் புத்தகத்தைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமமும் வைத்திருந்தார். எனக்குப் பொறாமையில் வயிறு எரிந்தது.

அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கொஞ்சம்கூட அதிர்ச்சி அடையவில்லை.

"இன்னா மச்சான், மேசமேல வெக்க ஒரு பொஸ்தகம் வோணும், அவ்ளோதானே? உள்ள யார் தொறந்து பாக்கப்போறா? பூந்தமல்லில நம்ம பைண்டர் ஒர்த்தர் கீறாரு, வா."

இருநூறு வெள்ளைத் தாள்களோடு பூந்தமல்லிக்குப் பஸ் ஏறினோம். பைண்டர் பெரியவர் தாளைப் புரட்டினார், திருப்பிப் புரட்டினார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லியேபா."

"அப்பறமா எழுதிக்குவோம் சார்" என்றேன்.

அவர் என்னை விட்டுவிட்டு ஏழுமலையைப் பார்த்தார். "ரெண்டு மாசம் முன்ன நீ குட்த்துட்டுப் போனியே நைனா, அதுலயும் இதே மாரி ஒண்ணுமில்ல. இது இன்னா படிப்புபா?"

ஏழுமலை கடையை விட்டு இறங்கி நடந்தான். நான் தாள்களை வாரிக்கொண்டு பின்னால் ஓடினேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் பிடித்தேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். முதலில் யார் சிரித்தது என்று நினைவில்லை. டீ மாஸ்டர் எங்களைப் பார்த்து அடுப்பைத் தணிக்கும் அளவுக்குச் சிரித்தோம். சிரிப்பு நின்றபோது ஏழுமலையின் கண்ணில் நீர் நின்றுகொண்டிருந்தது.

"எங்கம்மா தெனிக்கும் அதுக்கு வெளக்கு ஏத்துது மச்சான். வெத்துக் கடுதாசிக்கு. என்னால அந்த ரூமுக்குள்ள போவ முடில. பின்வாசல் வழியா வந்துகினு போய்கினு கீறேன், எங்க ஊட்டுலயே."

நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியது போல இருந்தது. அவன் கஷ்டத்தைக் கேட்டு இறங்கியது என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. இத்தனை நாளும் உலகத்தில் நான் ஒருவன்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

4

புதன்கிழமை அம்மாவிடம் சொன்னேன். அவர் மாவு ஆட்டிக்கொண்டிருந்தார். குழவி நின்றது. பிறகு சொன்னார், "சாட்சி சொன்ன வாயி உன்னுதுதானே? அந்த வாயாலயே வாபஸ் வாங்கு. நானு உனுக்காகப் பேசமாட்டேன்."

சாட்சியைத் திரும்பப் பெற எங்கள் சபையில் முறை எதுவும் கிடையாது. வெள்ளிக்கிழமை ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு முன்னால் போய்ச் சொன்னபோது பாஸ்டர் ஐயாவே குழம்பிப்போனார். டிக்கை அடிப்பதா, அழிப்பதா, பக்கத்தைக் கிழிப்பதா என்று தெரியாமல் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். கடைசியில், "எழுந்து சொல்லுப்பா, பார்க்கலாம்" என்றார்.

எழுந்தேன். "மூணாவது முடியல. நாலாவது ஆரம்பிக்கல. அஞ்சாவதுக்குத் தலைப்புகூட இல்ல. எஸ்தர் அக்கா பட்டினி கெடக்கறதப் பாக்க முடியாம பொய் சொன்னேன். அப்பறம் நிறுத்தத் தெரியல."

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னை வெளியே போகச் சொல்லிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன்.

அப்போது பின்வரிசையிலிருந்து ஃபாக்டரி தானியேல் மாமா தொண்டையைச் செருமினார். "ஐயா, முதுகுவலி பூடுச்சின்னு ஈஸ்டர் அன்னிக்கு நானு சாட்சி சொன்னேன். பூவல. இப்பக்கூட வலிச்சிகினுதான் கீது."

அவர் பக்கத்திலிருந்த பெண் தலை நிமிராமலே சொன்னார், "எங்க ஊட்டுக்காரரு குடிய உட்டுட்டாருன்னு சொன்னேனே, அது ஒரு வாரந்தான் ஐயா."

இன்னும் இரண்டு பேர் எழுந்தார்கள். பாஸ்டர் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பித் திருப்பித் தேடிக் களைத்து, நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். "எனக்கும் ஒண்ணு இருக்கு" என்றார். "சக்கரை குறைஞ்சிட்டதுன்னு சொன்னேன். குறையல. நீங்க கேசரி வைக்கறத நிறுத்திடுவீங்களோன்னுதான்..."

அதற்குமேல் யாராலும் அடக்க முடியவில்லை. அந்தப் பாயில் அத்தனை பேர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. எஸ்தர் அக்கா மட்டும் சிரிக்கவில்லை. நேராக என்னிடம் வந்தார்.

"இனிமே உனுக்கு உபவாசம் கெடியாது தம்பி. உன் சாப்டருக்கு நீயே பட்டினி கெட" என்றார். சொல்லிவிட்டு அடுக்களைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "மொத தட்டு இவனுக்குப் போடுங்க. ரெண்டு மாசமா பொய்ய முழுங்கிகினு இருந்தவன், இன்னாத்த சாப்ட்டிருப்பான்."

சாம்பார் சாதம். நான் குனிந்தே சாப்பிட்டேன். கண்ணீர் தட்டில் விழுந்தால் உப்பு கூடிவிடும் என்று பயமாக இருந்தது.

5

வாசல் கேட்டில் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு ஏழுமலை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். மறுநாளே அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டான். அந்த அம்மா விளக்கை நிறுத்தவில்லை. "கடுதாசி அங்கியேதானே கீது. எடுத்து எழுதிக்கோ" என்றாராம். அவன் தன் ஆராய்ச்சியின் முதல் பிரதியை அந்த வெற்றுப் புத்தகத்தில்தான் கையால் எழுதினான். பக்கத்துக்குப் பக்கம் குங்குமம்.

ஞாயிறு பகல்களில் எங்கள் வீட்டுப் பாயில் கூட ஆரம்பித்தோம். அவனும் நானும். ரயிலில் அவனுக்குப் பழக்கமான ஒரு பெண்ணும் வந்து சேர்ந்தாள். திருமுல்லைவாயில் கத்தோலிக்கக் குடும்பம், கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே வரலாற்றில் ஆராய்ச்சி செய்பவள். அவள்தான் ஸ்டெல்லா. இங்கே இருப்பது போல டிஷ்யூ பெட்டி, வட்ட நாற்காலி எதுவும் இல்லை. சட்டம் ஒன்றுதான். அந்த வாரம் ஒன்றும் எழுதாதவர் அதை முதலில் சொல்லவேண்டும். சொன்னவருக்கு முதல் தட்டு. எழுதியவர் எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டு, கடைசியில் ஆறின ரசத்தோடு சாப்பிடவேண்டும்.

ஆரம்பத்தில் மூன்று பேரும் முதல் தட்டுக்கு அடித்துக்கொண்டோம். கொஞ்ச நாளில் ஆறின ரசம் எனக்குப் பழகிவிட்டது. எழுதவில்லை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்ட பிறகு, மறுநாள் மேசைக்கு முன்னால் உட்கார அவ்வளவு பயமில்லை. எனக்குத் தெரிந்த ஆராய்ச்சி முறை இவ்வளவுதான்.

ஒரு ஞாயிறு ஸ்டெல்லா சொன்னாள், "நான் எழுதலை. இனிமேலும் எழுதமாட்டேன். இந்தப் பட்டம் எனக்கு வேணாம்னு மூணு வருஷமா தெரியும். சொல்றதுக்கு ஆள் இல்லாம இருந்தேன்." அம்மா அவளுக்கு முதல் தட்டை வைத்து, அப்பளம் ஒன்று கூடுதலாகப் போட்டார்.

"உட்டுட்டு போறவங்களுக்கும் மொத தட்டா?" என்றான் ஏழுமலை.

"இன்னிக்கி நெசம் சொன்னது அவதானே" என்றார் அம்மா.

ஸ்டெல்லா அன்றைக்குச் சாப்பிட்டது போல அதற்கு முன் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. பிறகு பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கல்யாணமாகி இத்தனை வருடமாக.

ஏழுமலை முடித்தான். நானும் முடித்தேன். தொடக்கத்திலிருந்து எண்ணினால் ஏழு வருடம். நாலு முறை நீட்டிப்புக் கேட்டு விண்ணப்பம், நாலு முறையும் காரணம் என்ற இடத்தில் நத்தைகள் மேல் பழி.

படிவத்தில் மூன்று என்று எழுதினேனே, அதைச் சொல்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வேலைக்காக ஒருவரிடம் பேசும்போது, கடைசி மூன்று வருடத்தை மட்டும் கணக்கில் சொன்னேன். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. ரூத் பள்ளியில் வீட்டுப்பாடம் எழுதாமல் முரண்டு பிடித்தால், "அப்பா மூணே வருஷத்தில பிஎச்.டி. முடிச்சவன்" என்பேன். ஸ்டெல்லா என்னை ஒரு பார்வை பார்ப்பாள். குழந்தை முன்னால் சொல்லவேண்டாம் என்று விட்டுவிடுவாள். மேசையில் வைத்து ஜெபிக்கத்தான் ஆளில்லை. மற்றபடி அது பழைய சாட்சியேதான்.

6

வட்டத்தின் முதல் கூட்டம் போன செவ்வாய்க்கிழமை நடந்தது. எட்டு பேர் வந்தார்கள். எட்டு பேரும் எல்லாம் நன்றாகப் போகிறது என்றார்கள். தினமும் கொஞ்சம் எழுதுங்கள், நன்றாகத் தூங்குங்கள் என்று அலுவலகம் கொடுத்த தாளிலிருந்து படித்தேன். எல்லாரும் தலையாட்டினார்கள். டிஷ்யூவை ஒருவர் எடுத்தார். ஜலதோஷமாம்.

சனிக்கிழமை ரூத் ஊருக்கு வந்திருந்தாள். மெலிந்திருந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மேசையில் கிடந்த, நான் இன்னும் அனுப்பாத படிவத்தை எடுத்துப் புரட்டினாள். ஒன்பதாம் பக்கத்தில் நின்றாள்.

"நீங்க மூணு வருஷம்தானே எடுக்குது அப்பா. எழுத முடியாத ஆள் எல்லாம் நீங்க எப்படி ஹெல்ப் பண்றது? நீங்க அது தெரியாது."

குரலில் கேலி இல்லை. நிஜமாகவே கேட்டாள். நாலு மணி நேரம் பேருந்தில் வந்தது இதைக் கேட்கத்தானோ என்று தோன்றியது. நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்பறையிலிருந்து ஸ்டெல்லாவின் குரல் வந்தது.

"ஏழு."

"என்னம்மா?"

"ஏழு வருஷம்டி. பாதிக்கு மேல நான் பக்கத்துல உக்காந்து பாத்தேன்."

இனி ஒளிக்க ஒன்றுமில்லை. உட்கார்ந்து சொன்னேன். நத்தை விஷயம், எஸ்தர் அக்கா, பூந்தமல்லி பைண்டர், எல்லாம். பாஸ்டரின் சர்க்கரைக்கு அவள் சிரித்தாள். ஸ்டெல்லா பட்டத்தை விட்ட கதையை இதுவரை அவளிடம் யாரும் சொன்னதில்லை. திரும்பி அடுப்பறையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் படிவத்தை என் பக்கம் இழுத்து, மூன்றை அடித்து ஏழு என்று எழுதினேன். அந்த வாயால் சொன்னதை அந்தக் கையால் திருத்தினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரூத் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அப்பா, நான் நாலு மாசம் எழுதறேன் இல்லை. ஒரு பேஜும் இல்லை. எல்லாருக்கும் நல்லா போகுதுன்னு சொல்றது. போகுது இல்லை."

வாக்கியத்துக்கு வாக்கியம் பிழை. நான் ஒன்றையும் திருத்தவில்லை.

ஸ்டெல்லா சாம்பார் சாதத்தைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்தாள். நான் பசியில் கையை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய், அதை மகள் முன்னால் வைத்தாள்.